தன்னாட்சி இழந்த ஊரும் நஞ்சு கலந்த நீரும்

ஓர் ஊரின் உயிர் அவ்வூரின் நீர். நீரை இழந்த ஊர் பாழாகும். தன் நீரைத் தானே ஆளும் உரிமையை இழந்த ஊரோ, கண்முன்னே நீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பாழாகும். இப்பட்டாங்கை, உலகின் செல்வ நாடுகளுள் தலையாயதெனத் தருக்கிக் கொள்ளும் அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த பிளிண்டு என்னும் சிறுநகரம் தன் குழந்தைகளின் குருதியால் எழுதிக் காட்டியது. 2014-ஆம் ஆண்டில் தொடங்கிய அக்கொடுமையைப் பற்றி உலக இதழ்கள் பலவாறு எழுதின. குழாய் பழையது என்றனர் சிலர். ஆற்றுநீர் கெட்டது என்றனர் சிலர். அலுவலர் சிலரின் பிழை என்றனர் வேறு சிலர். எல்லாம் மெய்யே, ஆயினும் முழுமெய் ஆகா. குழாய்க்குள் காரீயம் கரைவதற்கு முன்னரே அவ்வூரில் வேறொன்று கரைந்து போயிருந்தது. அதுதான் அவ்வூர் மக்களின் தன்னாட்சி உரிமை.

பிளிண்டு வரலாறற்ற ஊரன்று. செனரல் மோட்டார்சு என்னும் சீருந்துப் பெருங்குழுமம் 1908-இல் தோன்றியது அவ்வூரில்தான். 1936-ஆம் ஆண்டின் இறுதியில் தொழிற்சாலையை விட்டு வெளியேறாமல் உள்ளேயே அமர்ந்து, 44 நாள் போராடி, தொழிலாளர் கழகத்தின் உரிமையை நிலைநாட்டியவர்கள் அவ்வூர் உழைப்பாளிகளே. 1960-இல் ஏறத்தாழ 2 இலக்கம் மக்கள் வாழ்ந்த அந்நகர், தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாய் மூடப்பட, 2010-இல் ஏறத்தாழ 1 இலக்கமாய்ச் சுருங்கியது. எஞ்சியோருள் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பின மக்கள். பத்துப் பேரில் நால்வர் வறுமையில் உழல்வோர். வரி கொடுப்போர் குறைந்தனர்; நகரவையின் கருவூலம் வறண்டது.

கருவூலம் வறண்ட ஊருக்குக் கைகொடுப்பது மேலரசின் கடமை. மிச்சிகன் அரசோ, கைகொடுப்பதற்கு மாறாக, ஊரின் கையிலிருந்த சாவியைப் பறித்தது. கடனில் வீழ்ந்த ஊர்களுக்கு ‘நெருக்கடி மேலாளர்’ என்றொருவரை ஆளுநர் அமர்த்துவார்; நகரவையும் நகரத்தலைவரும் பெயருக்கு இருப்பர்; முடிவெடுக்கும் உரிமை முழுவதும் அம்மேலாளர்க்கே! 2011-இல் வலுப்படுத்தப்பட்ட அச்சட்டத்தை, 2012 நவம்பரில் நடந்த பொது வாக்கெடுப்பில் மிச்சிகன் மக்கள் தூக்கியெறிந்தனர். மக்கள் எறிந்ததை, அடுத்த திங்களிலேயே புதுச்சட்டம் என்னும் பெயரில் சட்டமன்றம் மீண்டும் கொணர்ந்தது. இம்முறை அதனுள் பண ஒதுக்கீடு ஒன்றைச் செருகி வைத்தனர். ஏனெனில், பண ஒதுக்கீடு கொண்ட சட்டத்தைப் பொது வாக்கெடுப்பால் நீக்க அம்மாநிலத்தில் வழியில்லை. மக்களாட்சியின் கதவை மக்கள் முகத்திலேயே சாத்தும் கலை இது!

இவ்வாறு 2011 முதல் 2015 வரை பிளிண்டை ஆண்ட மேலாளர் நால்வர். அவருள் ஒருவரையேனும் அவ்வூரார் வாக்களித்து அமர்த்தவில்லை. அவர்களுக்கு இடப்பட்ட பணி ஒன்றே: செலவைக் குறை! பிளிண்டு மக்கள் 1967 முதல் தெட்ராய்ட்டு நகரத்தினின்று குடிநீர் பெற்றுவந்தனர். அது இயூரன் என்னும் பேரேரியின் நீர். குழாய் அரிக்காமல் காக்கும் மருந்து சேர்த்து அனுப்பப்பட்ட நீர். அதற்குக் கொடுக்கும் விலை மிகுதியெனக் கருதி, பேரேரியிலிருந்து தனிக்குழாய் அமைக்கும் புதியதொரு திட்டத்தில் சேர்ந்தனர். அக்குழாய் முடியும் வரையில் ஊர்நடுவே ஓடும் பிளிண்டு ஆற்றுநீரே போதுமென முடிவு செய்தனர். 2014 ஏப்பிரல் 25-ஆம் நாள், நகரத்தலைவர் பொத்தானை அழுத்த, தெட்ராய்ட்டு நீர் நின்றது, ஆற்றுநீர் பாய்ந்தது. கூடியிருந்தோர் அந்நீரைக் கண்ணாடிக் குவளைகளில் ஏந்திக் குடித்து மகிழ்ந்தனர்.

அவ்வாற்று நீரில் குளோரைடு உப்பு, பழைய நீரில் இருந்ததைப்போல் ஏறத்தாழ எட்டு மடங்கு. அவ்வுப்பு மாழையை அரிக்கும். பழைய ஊர்களில் தெருக்குழாயை வீட்டுடன் இணைக்கும் சிறுகுழாய்கள் பல காரீயத்தால் ஆனவை. அவற்றின் உட்புறத்தே பாசுபேட்டு என்னும் உப்பைச் சிறிதளவு நீரில் கலந்து அனுப்பினால், அது மெல்லிய பொருக்காகப் படிந்து, நீருக்கும் காரீயத்திற்கும் இடையே திரைபோல் நிற்கும். இதற்காகும் செலவு நாளொன்றுக்கு ஏறத்தாழ நூறு தாலர் எனத் துறையறிந்தோர் கணக்கிட்டனர். ஒரு நகர் முழுமைக்கும் நாளொன்றுக்கு நூறு தாலர்! அதைச் செய்யவில்லை. அரிப்புத் தடுப்பு இன்றியே ஆற்றுநீர் அனுப்பப்பட்டது. பல்லாண்டாகப் படிந்திருந்த பொருக்கு உதிர்ந்தது; காரீயம் கரைந்தது; தாய்மார் அந்நீரில்தான் குழந்தைக்குப் பால்மாவு கரைத்தனர்.

மக்கள் உடனே உணர்ந்தனர். நீர் பழுப்பாய் வந்தது, நாறியது, குளித்தவர் உடலில் தடிப்புகள் எழுந்தன. புட்டிகளில் அந்நீரை ஏந்திக்கொண்டு கூட்டங்களுக்குச் சென்று காட்டினர். 2014 கோடையில் குடல்நோய் நுண்ணுயிர் கண்டு, நீரைக் காய்ச்சிக் குடிக்குமாறு நகரவை அறிவித்தது. அக்தோபரில் செனரல் மோட்டார்சு குழுமம் தன் பொறிகள் துருவேறுகின்றன எனக் கூறி அந்நீரை விலக்கி வேறு நீர் பெற்றுக்கொண்டது. இரும்புக்கு ஆகாத நீர் குழந்தைக்கு ஆகும் என்று ஊரார்க்குச் சொல்லப்பட்டது! 2015 சனவரியில், அவ்வூரிலிருந்த மாநில அரசு அலுவலகத்தில் பணியாற்றுவோர்க்கெனப் புட்டிநீர்க் கலங்கள் வைக்கப்பட்டன. அலுவலர் குடிக்க ஒரு நீர்; ஊரார் குடிக்க ஒரு நீர். ஆள்வோர்க்கும் ஆளப்படுவோர்க்கும் இடையே இருந்த தொலைவை அளக்க இதனினும் சிறந்த அளவுகோல் வேண்டுமோ?

2015 மார்ச்சில் நகரவை உறுப்பினர் 7-க்கு 1 என்னும் வாக்கில், தெட்ராய்ட்டு நீருக்கே திரும்ப வேண்டுமென முடிவெடுத்தனர். நெருக்கடி மேலாளர் அம்முடிவை ஏற்கவில்லை. செலவு மிகும் என்றார். அவ்வளவே! ஊரார் வாக்கும் ஊரவை முடிவும் அமர்த்தப்பட்ட ஒருவரின் கணக்கேட்டின்முன் செல்லாக்காசாயின. நகரவை குற்றமே அற்றதெனக் கூறுதல் பொருந்தாது. புதுக்குழாய்த் திட்டத்திற்கு முன்னம் ஒப்பிய அவையும் அதுவே; குவளை ஏந்திக் குடித்தவருள் நகரத்தலைவரும் ஒருவர். ஆனால், மக்களால் அமர்த்தப்பட்ட அவை பிழை செய்தால், மக்களின் கூக்குரல் கேட்டுத் திருந்தும். திருந்தாவிடின் அடுத்த தேர்தலில் திருத்தப்படும். அவ்வவை திருந்தியது, 7-க்கு 1 என வாக்களித்தது. மேலிருந்து அமர்த்தப்பட்டவர்க்கோ ஊரார் குரல் கேட்கும் செவி தேவையில்லை. அவர்தம் செவி தம்மை அமர்த்தியவரின் வாயருகே இருக்கும். தன்னாட்சிக்கும் அமர்த்தாட்சிக்கும் உள்ள வேறுபாடு இதுவே. அந்த 7 வாக்குகள் மதிக்கப்பட்டிருந்தால், ஏழு திங்களுக்கு முன்னரே அவ்வூர்க் குழந்தைகள் காக்கப்பட்டிருப்பர்.

அவ்வேழு திங்களில் உண்மையை வெளிக்கொணர்ந்தவர் ஆள்வோர் அல்லர். தாய்மாரும் அறிவியலாளருமே ஆவர். அமெரிக்காவில் நூறு கோடிப் பங்கு நீரில் காரீயம் 15 பங்கைக் கடந்தால் நடவடிக்கை வேண்டும் என்பது அந்நாளைய வரம்பு. 2015-இன் தொடக்கத்தில், நோயுற்ற பிள்ளைகளின் தாய் ஒருவர் வீட்டு நீரில் 104 பங்கும், பின்னர் 397 பங்கும் காணப்பட்டன. வர்சீனியாத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் மார்க்கு எட்வர்ட்சு அவ்வீட்டு நீரை ஆய்ந்தபோது, உயர்ந்த அளவு 13,000 பங்கைத் தாண்டியது. நச்சுக்கழிவு எனக் கொள்ளும் வரம்பே 5,000 பங்கு! அரசு ஆய்விலோ, மாதிரி எடுப்பதற்கு முன் குழாயைத் திறந்துவிட்டு நீரை ஓடவிடுமாறு மக்களுக்குச் சொல்லப்பட்டது. தேங்கிய காரீயம் ஓடிப்போகும் அன்றோ! மிகுதியாய்க் காட்டிய இரு மாதிரிகள் கணக்கினின்று நீக்கப்பட்டன. வரம்பைக் கடந்திருக்க வேண்டிய தொகை 11 என்றாயிற்று. நீரைத் தூய்மை செய்யவில்லை. கணக்கைத் தூய்மை செய்தனர்.

2015 செபுதம்பர் 24-ஆம் நாள், குழந்தை மருத்துவர் மோனா அன்னா-அத்தீசா அவ்வூர்க் குழந்தைகளின் குருதி ஆய்வு முடிவுகளை ஊரறிய வெளியிட்டார். ஐந்து அகவைக்குட்பட்ட குழந்தைகளுள், குருதியில் காரீயம் மிகுந்தோர் 2.4 விழுக்காட்டினின்று 4.9 விழுக்காடாக இரட்டித்திருந்தனர். அரசுப் பேச்சாளர் முதலில் அவரைப் பழித்தனர். பின்னர்த் தம் கணக்கும் அதையே காட்டக் கண்டு வாயடங்கினர். அக்தோபர் 16-ஆம் நாள் தெட்ராய்ட்டு நீர் மீண்டது. 2016 சனவரியில் குடியரசுத் தலைவர் ஒபாமா நெருக்கடிநிலை அறிவித்தார். இதனிடையே 2014, 2015 ஆகிய ஈராண்டுகளில், நீர்வழிப் பரவும் இலீசனர் நோய் என்னும் கொடிய நுரையீரல் காய்ச்சலால் அவ்வட்டாரத்தில் ஏறத்தாழ 90 பேர் நோயுற்று, 12 பேர் மாண்டிருந்தனர்.

காரீயம் ஏன் இத்துணைக் கொடிது? அது நிறமற்று நீரில் கரையும், மணமின்றிக் கரையும், சுவையின்றிக் கரையும். உடலோ அதனைச் சுண்ணத்தின் இனமென ஏமாந்து என்புக்குள் சேர்த்து வைக்கும். ஒரு பெண் கருவுற்ற காலத்து, பல்லாண்டுக்கு முன் என்பில் தங்கிய காரீயம் கசிந்து கருவிலிருக்கும் சேய்க்குச் செல்லும். வளரும் மூளையை அது தாக்கும், கற்கும் ஆற்றலைக் குறைக்கும், உன்னிப்பைக் கெடுக்கும். தீங்கற்ற அளவு இவ்வளவென ஒன்றில்லை என்பதே மருத்துவ அறிஞர் முடிவு. காய்ச்சினாலும் அது போகாது. நீர் ஆவியாகிக் குறையக் குறைய நஞ்சு செறியும்.

இங்குத்தான் மொழியின் பங்கு தெரியவருகின்றது. பிளிண்டில் இசுப்பானியம் பேசும் குடியேறிகளும் வாழ்கின்றனர். எச்சரிக்கைகளோ பெரிதும் ஆங்கிலத்திலேயே வந்தன. ஊரெல்லாம் அறிந்து, உலகெல்லாம் அறிந்த பின்னரும், 2016 சனவரியில்தான் தம் குழாயில் வருவது நஞ்சென அறிந்தோர் அவருள் பலர். கைக்குழந்தைக்கும் கருவுற்ற மனைவிக்கும் அந்நீரையே கொடுத்துவந்தோர் அவர். முன்பு நுண்ணுயிர்க்காகச் சொல்லப்பட்ட ‘காய்ச்சிக் குடி’ என்னும் ஒரு சொல் மட்டுமே ஒருவர் காதில் விழுந்திருந்தால், அவர் நாள்தோறும் காய்ச்சிக் காய்ச்சி நஞ்சைச் செறிவித்தன்றோ குடித்திருப்பார்! சீருடையணிந்த படையினர் நீர்ப்புட்டிகளுடன் வாயிற்கதவைத் தட்டியபோது, குடியுரிமைத் தாளில்லாதோர் தம்மை நாடு கடத்த வந்தனரென அஞ்சிக் கதவைத் திறக்கவில்லை. அவர்க்கு விளங்கும் மொழியில் ஒரு வரி, ஒரே வரி, முன்னரே சென்றிருந்தால் அக்கதவுகள் திறந்திருக்கும். தாய்மொழி வெறும் பாட்டுக்கும் பட்டிமன்றத்திற்கும் உரியது என்போர் பிளிண்டின் அடைத்த கதவுகளை எண்ணிப் பார்க்கட்டும்! உயிர்காக்கும் செய்தி விளங்காத மொழியில் வருமாயின், அது வராத செய்தியே.

பின்னர் நேர்ந்தவை சுருக்கமாக உரைக்கத் தக்கவை. 2017 பிப்பிரவரியில் மிச்சிகன் குடியுரிமை ஆணையம், ஆட்சி அமைப்பிலேயே ஊறிக்கிடந்த இனவேற்றுமை இக்கொடுமைக்கு ஒரு கரணியம் எனத் தன் அறிக்கையில் ஒப்புக்கொண்டது. அதே ஆண்டில், கட்டணம் செலுத்தாத 8,000-க்கு மேற்பட்ட வீட்டார்க்கு, வீட்டின்மேல் கடன்பற்று ஏறுமென அறிவிப்புகள் சென்றன. நஞ்சுக்கும் விலை! 2021-இல் 62 கோடி தாலருக்கு மேற்பட்ட இழப்பீட்டு உடன்பாட்டை வழக்குமன்றம் ஏற்றது. முன்னாள் ஆளுநர் இரிக்கு சினைடர் மீதும் ஏனையோர் மீதும் 2021-இல் தொடுக்கப்பட்ட குற்றவழக்குகள், தொடுத்த முறை பிழையென 2022-இல் மாநில உச்ச மன்றம் கூறிவிட, 2023-இல் முடிந்தே போயின. சிறை சென்றவர் ஒருவருமில்லை. காரீயக் குழாய்களை அகற்றும் பணி, மக்கள் வழக்காடிப் பெற்ற 2017-ஆம் ஆண்டின் உடன்பாட்டால் தொடங்கி, ஏறத்தாழ 11,000 குழாய்கள் மாற்றப்பட்டு, 2025 சூலையில் நிறைவுற்றதாக அறிவிக்கப்பட்டது. குழாய் மாறிற்று; குழந்தைகளின் என்பில் தங்கியதை யார் மாற்றுவார்?

இனித் தமிழர் இதனின்று கொள்ள வேண்டியது யாது?

முதலாவது, ஊராட்சி உரிமை. தமிழகத்து நகராட்சிகளிலும் மாநகராட்சிகளிலும் 2016 அக்தோபரில் உறுப்பினர் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்ததோ 2022 பிப்பிரவரியில். இடைப்பட்ட ஐந்தாண்டுக்கு மேலாக, வாக்குப் பெறாத தனி அலுவலர்களே ஊர்களை ஆண்டனர். சென்னையில் 2019-இல் ஏரிகள் வறண்டு மக்கள் குடங்களுடன் அலைந்த கோடையிலும், தெருவுக்கு ஓர் உறுப்பினர் இல்லை. நெருக்கடி மேலாளர் என்றாலும் தனி அலுவலர் என்றாலும் பெயர்தான் வேறு. அவருள் நல்லவரும் இருக்கலாம், ஆனால் நல்லவர் வாய்ப்பது நற்பேறு, தேர்ந்தெடுப்பது உரிமை. நற்பேற்றை நம்பி நீர் குடிக்கலாகாது. ஊரவைத் தேர்தல் ஒரு நாளும் தள்ளிப்போகாமை வேண்டும்; அதைக் கேட்பது கட்சிக்காரர் வேலையென ஒதுங்குதல் தமிழ்ப்பற்று ஆகாது.

இரண்டாவது, மொழியுரிமை. குடிநீரில் காரீயம் ஓர் இலிட்டருக்கு 0.01 மில்லிகிராம், அதாவது நூறு கோடிப் பங்கில் 10 பங்கு, கடத்தலாகாது என்பது இந்தியத் தர அளவை. இவ்வரம்பைத் தெருக்குழாயடியில் குடம் வைத்திருக்கும் தாய்மாருள் எத்துணைப் பேர் அறிவர்? அவர்தம் தெரு நீர் என்று ஆயப்பட்டது, எங்கு ஆயப்பட்டது, என்ன கண்டது என்பது எளிய தமிழில் நீர்த்தொட்டியின் சுவரிலேயே எழுதப்படுதல் வேண்டும். ஆங்கில அட்டவணை அலுவலகத்துப் பேழைக்குள் உறங்குமாயின், அதுவும் அடைத்த கதவே.

மூன்றாவது, சொல்லுணர்வு. குழாய்ப்பணிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘பிளம்பிங்’ என்னும் சொல், காரீயத்தைக் குறிக்கும் ‘பிளம்பம்’ என்னும் இலத்தீன் சொல்லினின்று பிறந்தது. உரோமர் காரீயக் குழாயில் நீர் கொணர்ந்தமையின் சுவடு அது. அவ்வுரோமருள்ளேயே விட்ரூவியசு என்னும் கட்டட அறிஞர், காரீயக் குழாயினும் சுட்டமண் குழாயே நலமுடையதென ஈராயிரம் ஆண்டுக்கு முன்னரே எழுதிவைத்தார். தமிழோ இரு மாழைகளையும் பெயராலேயே பிரித்துக் காட்டியது: வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. மிளகுச்சாறு வைக்கும் ஈயச்செம்பும், பித்தளை ஏனத்திற்குப் பூசும் ஈயமும் வெள்ளீயத்தின்பாற்பட்டவை. அடைமொழியை விட்டுவிட்டு ‘ஈயம்’ என்றே பொதுப்படக் கூறத் தொடங்கியதால், நன்று எது, நஞ்சு எது எனத் தெரியாத மயக்கம் விளைந்தது. காரீயம் கலந்த செம்பை ஈயச்செம்பென விற்பாரும் அம்மயக்கத்தில் வாழ்வர். ஞெகிழிக் குழாய்களில் காரீயக் கலப்பைத் தடுக்க 2021-இல் ஒன்றிய அரசு விதி வகுத்தது. ஆயினும் கடையில் குழாய் வாங்குவோர் ‘இதில் காரீயம் உண்டா?’ என்று கேட்கத் தெரிந்திருந்தால்தான் அவ்விதிக்கு உயிர் உண்டாகும். கேட்கத் தெரிவதற்குச் சொல் வேண்டும். சொல்லை இழந்தவன் கேள்வியை இழப்பான். கேள்வியை இழந்தவன் காப்பை இழப்பான்.

ஆகவே, தமிழன்பர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் செய்தற்குரிய வினை ஒன்றுண்டு. ஐவரோ பதின்மரோ ஒன்றுகூடி, ஊரவைக்குத் தமிழில் ஒரு விண்ணப்பம் எழுதட்டும். தெருநீரின் ஆய்வு முடிவைத் தமிழில் கேட்கட்டும். காரீயம் ஆயப்பட்டதா எனப் பெயர் சுட்டிக் கேட்கட்டும். விடை வரும் வரையில் திங்கள்தோறும் எழுதட்டும். பிளிண்டின் தாய்மார் புட்டியேந்திச் சென்றபோது அவரிடம் படையில்லை, பணமில்லை. விடாப்பிடி ஒன்றே இருந்தது. அதுவே வென்றது.

ஊரின் நீரை ஊரார் ஆளட்டும்! நீரின் செய்தியைத் தாய்மொழி சொல்லட்டும்!